அணைந்துகிடந்த பெட்டி

“அரசாங்கம்தான்,” என்றான் சாந்தகுமார். “வேற ஆரால இதைச் செய்ய ஏலும், மிஸ்?”

திருட்டுக் கொடுத்தவன் முகம் அல்ல அது. பரிசு வாங்கப் போகிறவனின் முகம். தன்னை ஒடுக்க ஒரு அரசாங்கமே மெனக்கெட்டிருக்கிறது என்ற நினைப்பில் அவன் கன்னங்கள் பளபளத்தன.

துப்பறிவாளர் அனுஷியா தன் குறிப்பேட்டைத் திறந்தாள். காப்புறுதி நிறுவனமொன்றில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலையில் பல வருடங்களைக் கழித்துவிட்டு, வெள்ளவத்தையில் சொந்தமாக ஓர் அறை பிடித்து உட்கார்ந்தவள் அவள். தன் நஷ்டத்தைச் சந்தோஷமாக விவரிக்கும் மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

அவளுக்குப் பக்கத்தில் உதவியாளன் ஷிஹான். முன்னாளில் போன் திருத்துபவன், இந்நாளில் முச்சக்கர வண்டிச் சாரதி, எந்நாளும் வாயாடி. நாற்பதைத் தொடப்போகும் வயதிலும் பெரிய மனிதர்களின் சோபாவில் உட்கார்ந்தால் ஒருமுறை குதித்துப் பார்க்காமல் இருக்கமாட்டான். இப்போதும் குதித்துப் பார்த்தான்.

“மக்களுக்காக உழைக்கிறவங்கட சோபா நல்ல மெத்துன்னு ஈக்கிது, மிஸ்.”

சாந்தகுமாருக்கு அது கேட்கவில்லை. தன் குரலைத் தவிர வேறெதுவும் அவனுக்குச் சுலபத்தில் கேட்பதில்லை.

“இண்டைக்கு இருக்கிற இன்டர்நெட் ஆரோட? நாலைஞ்சு கொம்பனியோட. ஒரு பணக்காரன் முறைப்பாடு போட்டா உங்கட பதிவு காணாமல் போகும். ஒரு அமைச்சர் கையெழுத்து வச்சா நாடு முழுக்க எல்லாம் பூட்டுப்படும். அதுக்குத்தான் நாங்க ‘கூரை’யைச் செய்தனாங்க. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒரு பெட்டி. ஒரு பெட்டியில போட்டது எல்லாப் பெட்டிக்கும் கோப்பியாகும். தலைமை அலுவலகம் இல்லை. முதலாளி இல்லை. ஒண்டை உடைச்சா மற்றது பேசும். மக்களின்ர வலை, மிஸ்.”

‘மக்கள்’ என்று சொன்னபோது அவன் கண்கள் யன்னல் கண்ணாடிக்குப் போய், தன் தலைமயிர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தன. கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். வெள்ளவத்தையின் மிக உயரமான தொடர்மாடிகளில் ஒன்றின் உச்சி வீடு அது. கீழே வாசலில் ‘நீலக்கரை ஹோம்ஸ்’ என்று பித்தளை எழுத்துகள் மின்னின. மக்களின் வலை நல்ல இடம் பார்த்துத்தான் இறங்கியிருந்தது.

அந்த அறையில் உண்மையான மக்களில் ஒருத்தியும் இருந்தாள். அவளுக்குச் சோபா கிடைக்கவில்லை. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்த்தி, முகத்துக்கு நேராக ஒரு கமெராவை நிறுத்தியிருந்தார்கள். அவள் பெயர் இராமலெட்சுமி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கிருலப்பனையில் ஒற்றை அறையில் குடியிருப்பவள். நீலக்கரை நிறுவனம் புதிதாக எழுப்பும் கட்டடத்தில் வேலை செய்த அவளுடைய கணவன் ஜீவராஜ், லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

“சொல்லுங்கோ அக்கா,” என்றான் சாந்தகுமார், கமெராவை முடுக்கியபடி. “அரசாங்கம் உங்கட கணவரின்ர குரலை நெரிச்ச கதையை.”

“எனக்கு அரசாங்கத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க,” என்றாள் இராமலெட்சுமி.

சாந்தகுமார் கமெராவை நிறுத்தினான். அது அவனுக்கு வேண்டிய வசனம் இல்லை.

அனுஷியா எழுந்து, கமெராவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லுங்கோ, அம்மா. மெதுவா.”

“விழுறதுக்கு மொத நாளு அவரு ஒரு வீடியோ எடுத்தாருங்க. லிஃப்ட் குழிக்கு முன்னாடி அடிச்சிருந்த பலகையக் கழட்டிட்டாங்க, யாராச்சும் விழுந்துருவாங்கன்னு பேசி எடுத்தாரு. பேஸ்புக்ல போட்டா கம்பெனிக்காரங்க சொல்லி எடுத்துருவாங்கன்னு இந்தக் கூரையில போட்டாரு. அடுத்த நாளு அவரே விழுந்துட்டாரு. போன் அவரோடயே நொறுங்கிப் போச்சு.”

“வீடியோவை நீங்க எடுத்து வைக்கேல்லையா?”

“நான் என் போன்ல எடுத்து வெச்சுக்கவான்னு கேட்டேங்க. ‘எதுக்கு? அழியாத எடத்துல போட்டிருக்கேன்’னு சொன்னாரு. அவரோட வேல செஞ்சவங்களும் அப்படியே நம்பிட்டாங்க. அடக்கத்தன்னைக்குக் காலையில பாத்தப்ப இருந்துச்சு, அடக்கம் பண்ணிட்டு வந்து சாயந்தரம் பாத்தா வீடியோ இல்ல. நாளைக்குக் காலையில விசாரணை. அது இல்லாட்டிப் போனா, குடிச்சிட்டுத் தானா போய் விழுந்தாருன்னு எழுதிருவாங்க. அவரு குடிக்க மாட்டாருங்க.”

தண்டவாளத்தில் ஒரு ரயில் மருதானைப் பக்கம் போனது.

“இதைத்தான் நான் சொல்றன்,” என்று சாந்தகுமார் ஆரம்பித்தான். “நீங்க சுதந்திரமான விசாரணையாளர். அரச ஹேக்கர்ஸ் உள்ள வந்திட்டாங்கள் எண்டு ஒரு ரிப்போட் எழுதித் தந்தா, இண்டைக்குப் பின்னேரம் வெளிநாட்டு மாநாட்டில நான் அதை வாசிப்பன். உலகமே திரும்பிப் பாக்கும்.”

“வீடியோ திரும்பி வருமா?” என்று கேட்டாள் அனுஷியா.

“அது… பேசிக்கலி, அது வேற விஷயம்.”

அனுஷியா அவனை நன்றாகப் பார்த்தாள். முகத்தையல்ல, நெஞ்சை. அவன் போட்டிருந்த கறுப்பு டீசேர்ட்டில் வெள்ளை எழுத்தில் இப்படி இருந்தது: ‘எவராலும் அளிக்க முடியாது.’

“இந்த வசனம் நல்லா இருக்கு. நீங்க எழுதினதா?”

“நானேதான்!” அவன் மலர்ந்தான். “கூரையில போட்ட முதல் பதிவே இதுதான். பதிவை அப்படியே பிரின்டுக்குக் குடுத்தனாங்க. ஒரு எழுத்து மாத்தேல்லை. எங்கட கொள்கை அது. போட்டது போட்டதுதான்.”

“முதல் பதிவைப் பாக்கலாமா?”

சுவரிலிருந்த பெரிய திரையில் அதைக் காட்டினான். தொடக்க விழா நாளின் திகதி. கீழே: ‘எவராலும் அழிக்க முடியாது.’ அதற்கும் கீழே, வெளிநாட்டு நண்பர்களின் கைதட்டல்கள்.

அனுஷியா தலையை ஆட்டினாள். “பெட்டிகள் எங்கெங்க இருக்கு?”

திரையில் கொழும்பு வரைபடம் விரிந்தது. வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, கிருலப்பனை என்று பச்சைப் புள்ளிகள். கொட்டாஞ்சேனையில் மட்டும் ஒன்று சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

“அது?”

“அதை விடுங்கோ. சாப்பாடு சமைச்சு விக்கிற ஒரு முஸ்லிம் அம்மா. நீலக்கரை பில்டிங் இல்லாத இடத்தில வச்ச ஒரே பெட்டி. கிரைண்டர் போடுறதுக்கு எங்கட பெட்டியின்ர பிளக்கைக் கழட்டிப்போடுவா. சுதந்திரத்தைப் பற்றி விளங்கப்படுத்தினா, அரைக்க வேணும் தம்பி எண்டு சொல்றா.”

புள்ளியின் கீழே, அது கடைசியாக உயிரோடிருந்த நாள் எழுதியிருந்தது. ஜீவராஜை அடக்கம் செய்த நாள். காலை.

“சரி,” என்று அனுஷியா எழுந்தாள். “இவவையும் நான் கூட்டிக்கொண்டு போறன். பின்னேரம் வாறன்.”

“அவ இன்னும் ரெக்கோர்ட் பண்ணேல்லையே, மிஸ்—”

“அவ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டா.”

*

கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியில் ஷிஹானின் முச்சக்கர வண்டி பேருந்துகளுக்கிடையில் நுழைந்து நுழைந்து வடக்கே ஓடியது. பின்னால் அனுஷியாவும் இராமலெட்சுமியும்.

“எங்க மிஸ்?”

“கொட்டாஞ்சேனை. கெதியா.”

“அந்தச் செத்த பெட்டிக்கா? ஊரெல்லாம் வேல செய்ற பெட்டி ஈக்கிது, நாங்க வேல செய்யாத பெட்டியத் தேடிப் போறம். எங்கட கம்பனிக்கு ஏத்த வேலதான்.”

“யோசியும், ஷிஹான். ஒரு பெட்டியில போட்டது எல்லாப் பெட்டிக்கும் போகுது. அப்ப, அழி எண்டு ஒரு கட்டளை போட்டா?”

“அதுவும் எல்லாத்துக்கும் போகும்.” ஷிஹான் அரை நொடி திரும்பிப் பார்த்தான், எதிரே வந்த பேருந்து அலறியது. “ஆனா பிளக் கழட்டின பெட்டிக்குப் போகாது!”

“வீடியோ போட்ட பிறகு, அடக்கத்தண்டு காலை வரைக்கும் அந்தப் பெட்டி ஓடியிருக்கு. வீடியோ அழிஞ்சது அண்டைக்குப் பின்னேரம்.”

இராமலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ அதுல இருக்குமாங்க?”

“இருக்கும். பிளக்கைத் திருப்பிப் போடாத வரைக்கும். போட்ட உடனே அது மற்றப் பெட்டிகளோட கதைக்கும். கதைச்ச உடனே அழிக்கச் சொல்லிக் கட்டளை வந்து சேரும்.”

ஷிஹான் விசையை முறுக்கினான். “அப்ப மொத்த வலையிலயும் சுதந்திரமா ஈக்கிறது கரண்ட் இல்லாத பெட்டி மட்டும்தான். அதுவும் கிரைண்டர்ர புண்ணியத்தில. சாந்தகுமாருக்குக் கோல் எடுத்து, அதைப் போட வேணாம்னு அந்த அம்மாக்கிட்ட செல்லச் செல்லுவமா?”

“எடுக்கவே கூடாது.”

“ஏன், அவர்தானே எங்களக் கூப்பிட்ட ஆள்?”

“அவற்ற டீசேர்ட்டை வாசிச்சனீரா?”

“வாசிச்சன். ‘எவராலும் அளிக்க முடியாது.’ வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடிக்க ஒரு பிளேன்டி கூட அளிக்க மாட்டாராக்கும்னு நினைச்சன்.”

“கிட்ட வந்திட்டீர்,” என்றாள் அனுஷியா.

கோட்டைப் பகுதியைத் தாண்டும் இடத்தில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையை நீட்டி மறித்தார். ஷிஹான் தலையை வெளியே நீட்டி, அழுகிற குரலில், “ஹதிஸ்ஸியக் சேர், ஹதிஸ்ஸியக்!” என்றான். அவசரம் என்பதற்கு அத்தாட்சியாக இராமலெட்சுமியின் முகத்தைக் காட்டினான். அந்த முகத்தைப் பார்த்ததும் பொலிஸ்காரர் கேள்வி கேட்காமல் வழிவிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பொலிஸிடம் உண்மை சொன்னதாக ஷிஹான் பிறகு பெருமைப்பட்டான்.

*

கொட்டாஞ்சேனையில் கைருன்னிஸாவின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவைப்படவில்லை. ஒழுங்கை முனையிலேயே நெய்ச்சோற்று மணம் வந்து கூட்டிக்கொண்டு போனது. முன்னறை முழுவதும் அலுமினியச் சட்டிகள். ஏலக்காய் தூவிய வட்டிலப்ப இனிப்பு வரிசையாக ஆறிக்கொண்டிருந்தது.

“ஓடர் எடுக்கவா வந்தீங்க? நாளைக்கு ஒண்டும் ஏலாது, கல்யாண வேல ஈக்கிது,” என்று முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள் கைருன்னிஸா.

“ஓடருக்கு இல்ல ராத்தா,” என்றான் ஷிஹான். “கூரைப் பெட்டி…”

“அட, அதுக்கா? இப்பதானே அந்தச் சாந்தகுமார் தம்பி கோல் எடுத்திச்சி. பெரிய அவசரம், உடனே பிளக்கப் போடுங்க ராத்தான்னு கெஞ்சிச்சி. பாவம்னு போட்டுட்டன். அந்தா, லைட் எரியிது.”

ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு நின்று எரிந்தது.

இராமலெட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தது ஒரு விளக்கு எரிவதைப் பார்ப்பதற்கு.

அனுஷியாவுக்கு ஆத்திரம் தன்மேல் வந்தது. சாம்பல் புள்ளியைப் பற்றி அவனிடமே கேட்டிருக்கக் கூடாது. அவள் ஏன் கேட்டாள் என்று அவன் யோசித்துக் கண்டுபிடிக்கக் காலி வீதியின் நெரிசல் போதுமானதாக இருந்திருக்கிறது. அவனை முழு முட்டாள் என்று எண்ணியது தவறு. முக்கால்வாசிதான்.

“பொறுங்க மிஸ்.” ஷிஹான் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். “ரெண்டாவது லைட் ஒண்டு மின்னிக்கிட்டு ஈக்கிது. இது இன்னும் ஆளத் தேடுது. யாரையும் புடிக்கல!”

“ஏன் பிடிக்கேல்லை?”

“ராத்தா, மேல ஒரு ஆண்டெனா ஈக்கணுமே? வட்டத் தட்டு மாதிரி?”

“அதுவா?” கைருன்னிஸா சிரித்தாள். “அது உடுப்புக் காயப்போட ஒரே இடைஞ்சல், தம்பி. கழட்டி மூலையில வெச்சிட்டன். அதுக்கும் அந்தத் தம்பி ரெண்டாம் தரம் கோல் எடுத்திச்சி. லைட் வந்தாலும் எங்கட ஸ்கிரீன்ல தெரியல்ல, தட்டத் திருப்பிப் பூட்டச் செல்லுங்கன்னு. எங்கட வீட்டுக்காரர் நிஸாம் பூட்டத்தான் இப்ப மேல போயீக்கார்.”

“இப்பவா?”

“ஏணில ஏறிட்டார்.”

ஷிஹான் பாய்ந்தான். சட்டியொன்று உருண்டு தடதடத்தது. குறுகிய படிக்கட்டில் அவன் செருப்புகள் தனித்தனியே கழன்று விழும் சத்தமும், “நிஸாம் நானா! கைய எடுங்க! பூட்டாதீங்க!” என்ற கூச்சலும் மேலே ஏறிக்கொண்டே போயின. மேலேயிருந்து அமைதியான ஒரு குரல் பதில் சொன்னது: “ஒரே ஒரு ஆணிதான் தம்பி, முடிஞ்சிச்சி, அவசரப்படாதீங்க.”

கீழே அனுஷியா ஃபிரிட்ஜ் பக்கம் நடந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. மின்னிக்கொண்டிருந்ததும் அணைந்தது.

சிறிது நேரத்தில் ஷிஹான் வெறுங்காலோடு, நெஞ்சைப் பிடித்தபடி இறங்கி வந்தான். “பூட்டிட்டார் மிஸ்! நான் போகக்குள்ளயே பூட்டிட்டார்! ஓடாம நான் இங்கேயே பிளக்க…” அவன் அவள் கையிலிருந்த வயரைப் பார்த்தான். “மேல ஓடுறதுக்கு முன்னுக்கு செல்லியிருக்கலாமே.”

“நீர் நிண்டு கேட்டனீரா?”

*

பெட்டியைத் திறந்து உள்ளிருந்த நினைவட்டையைக் கழற்றி, தன் பழைய மடிக்கணினியில் செருகியபோது ஷிஹானின் கைகள் வாயைப்போல் விளையாடவில்லை. வலைத் தொடர்பு எதுவும் இல்லாமல், கைருன்னிஸாவின் சாப்பாட்டு மேசையில், வட்டிலப்பங்களுக்கு நடுவில் ஜீவராஜ் பேசத் தொடங்கினான்.

“இந்தா பாருங்க, லிஃப்ட் குழி. நேத்து வரைக்கும் பலகை அடிச்சிருந்துச்சு. இன்னைக்கு இல்ல.” படம் ஆடியது. ஆழமான இருட்டு தெரிந்தது. பின் இரண்டு ஆட்கள் கடைசிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதும், வெள்ளைத் தொப்பி போட்ட மேற்பார்வையாளர் கையை வீசி அவர்களை விரட்டுவதும். “சேர், இதக் கழட்டுனா நாங்க எப்படி இங்க வேல செய்றது?” என்று ஜீவராஜின் குரல். “பலகை மேல் மாடிக்கு வேணும். கண்ணத் திறந்து வச்சு வேலயப் பார். ஏலாட்டி வீட்ட போ,” என்று தொப்பி.

இராமலெட்சுமி திரையைத் தொடவில்லை. அழவுமில்லை. முடிந்ததும், “இன்னொருக்கா போடுங்க,” என்றாள். கைருன்னிஸா ஒன்றும் கேட்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்த வாசனை வந்தது, அவள் போகவில்லை.

“மற்றதையும் பாரும், ஷிஹான்,” என்றாள் அனுஷியா. “கூரையின்ர முதல் பதிவு.”

ஷிஹான் தேடி எடுத்தான். வெள்ளவத்தைத் திரையில் பார்த்த அதே திகதி. அதே கைதட்டல்கள். வாசகம் மட்டும் டீசேர்ட்டில் இருந்தபடியே: எவராலும் அளிக்க முடியாது.

“ழ, ள ரெண்டும் மாறிப்போச்சு,” என்றாள் அனுஷியா. “பிழையோட போட்டு, பிழையோட அச்சடிச்சு, பிறகு ஆரோ சிரிச்சிருப்பாங்கள். மற்றப் பெட்டி எல்லாத்திலயும் இப்ப அது திருத்திக் கிடக்கு. ஒண்டையும் மாத்த ஏலாத வலையில அந்த எழுத்தை மாத்தினது ஆர்? அரசாங்கம் வந்து அவற்ற எழுத்துப் பிழையைத் திருத்திக் குடுத்திட்டுப் போச்சுதா?”

ஷிஹான் மெதுவாக விசிலடித்தான். “அவர்தான். அழிக்கிற சாவி அவர்ட கையிலயே ஈக்கிது.”

“முதல்ல அந்தச் சாவியை வீடியோவை அழிக்கப் பாவிச்சான். பிறகு பழகிப்போய், இந்த வெட்கத்தை மறைக்கவும்.”

“எங்கள ஏன் மிஸ் கூப்பிட்டான்?”

“கண்டுபிடிக்க இல்லை. சாட்சி சொல்ல. ஏன் எண்டதை அவன்ர வாயாலயே கேப்பம். அதுக்கு முதல் கிருலப்பனைக்கு விடும். ஜீவராஜோட வேலை செய்த ஆக்கள் இருக்கிற விடுதிக்கு.”

*

அவர்கள் வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது சாந்தகுமார் கமெராவுக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தான். மாநாட்டுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. இராமலெட்சுமியைப் பார்த்ததும், “ஆ, நல்லதாப் போச்சு, அக்காவும்…” என்றவன், அனுஷியா மேசையில் வைத்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து நிறுத்தினான்.

“கைருன்னிஸா அம்மா திருப்பித் தரச் சொன்னா,” என்றாள் அனுஷியா. “கிரைண்டருக்குப் பிளக் வேணுமாம்.”

அவன் பெட்டியைத் தொடவில்லை. மறுக்க வாயைத் திறந்தான். அனுஷியா அவன் நெஞ்சிலிருந்த எழுத்தை விரலால் காட்டி, பின் திரையைக் காட்டினாள். அவன் குனிந்து தன் டீசேர்ட்டைத் தலைகீழாக வாசித்தான். திரையில் திருத்தியது சட்டையில் திருந்தாமல் நிற்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. முகத்திலிருந்த பளபளப்பு வடிந்தது.

“லுக், மிஸ். உங்களுக்கு முழுப் படம் விளங்கேல்லை.” குரல் தாழ்ந்திருந்தது. “எங்கட பெட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே நீலக்கரையின்ர மொட்டைமாடியில. இந்த வீடும் அவங்கட. வீடியோவை எடு, இல்லாட்டி பெட்டியை எல்லாம் இறக்கு எண்டு கோல் எடுத்துச் சொன்னாங்கள். ஒரே ஒரு வீடியோ. அதுக்காக முழு வலையையும் இழக்கிறதா? நாளைக்கு இந்த நாட்டில எல்லாத்தையும் பூட்டினா ஆயிரம் பேருக்குக் கதைக்க இடம் வேணும். நான் அந்த ஆயிரம் பேரை யோசிச்சன்.”

“அந்த ஆயிரத்தில முதல் ஆள் கதைச்ச உடனேயே வாயைப் பொத்திட்டீங்க,” என்றாள் அனுஷியா. “அவங்கள் ஒரு காகிதம் கூடக் காட்டாமல், ஒரு போன் கோலுக்கு. அரசாங்கம் எண்டா வர்த்தமானியில ஒரு அறிவித்தலாவது அடிச்சிருக்கும். சரி, பயந்து அழிச்சீங்க எண்டு வைப்பம். பயம் எல்லாருக்கும் வரும். ஆனா அழிச்சிட்டு, இந்த மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து கமெராவுக்கு முன்னால இருத்தி, அழச் சொல்லிக் கேட்டீங்களே? அதுக்கு என்ன பேர்?”

இராமலெட்சுமி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவரு ஒங்கள ஒருக்கா பாத்திருக்காருங்க,” என்றாள். “கிருலப்பன விடுதிக்கு வந்து பேசுனீங்கன்னு சொன்னாரு. படிச்ச தம்பி, நல்லாப் பேசுறாருன்னு சொன்னாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். சாந்தகுமார் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இம்முறை அவன் தலைமயிரைப் பார்க்கவில்லை.

பழைய வேகம் கொஞ்சம் திரும்பி வந்தபோது அவன் கேட்டான்: “அந்த நினைவட்டை எங்க? அது எங்கட சொத்து.”

ஷிஹான் சிரித்தான். “சொத்தா? முதலாளி இல்லாத வலைன்னு செல்லினீங்களே. அட்டை இந்தா ஈக்கிது, வெச்சிக்கங்க. வீடியோ கிருலப்பனைல, அந்த விடுதில ஈக்கிற ஆக்கள்ர போன் எல்லாத்திலயும் ஈக்கிது. அவங்க ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஊர்ல இருந்து யாருக்கு அனுப்பினாங்கன்னு எனக்கும் தெரியாது. ஒண்ட அழிச்சா மத்தது பேசும். நல்ல ஐடியா நானா, உங்கட ஐடியாதான்.”

லிஃப்டில் இறங்கும்போது அவன் அனுஷியாவிடம் கேட்டான்: “அப்ப மெய்யாவே அப்படி ஒண்டு செய்ய ஏலாதா மிஸ்? யாராலயும் பூட்ட ஏலாத மாதிரி?”

“ஏலும். சாவி ஒருத்தன்ர சட்டைப் பைக்குள்ள இல்லாட்டி, நிலம் ஒரு முதலாளியின்ர இல்லாட்டி, கட்டாயம் ஏலும். அந்த யோசனையில பிழை இல்லை, ஷிஹான். ஜீவராஜ் நம்பினதிலயும் பிழை இல்லை.”

*

மறுநாள் காலை விசாரணை அறையில் மின்விசிறி மட்டும் உற்சாகமாக இருந்தது. நீலக்கரையின் சட்டத்தரணி, இறந்தவரின் குடிப்பழக்கம் பற்றி நெடுநேரம் துக்கத்தோடு பேசினார். வெள்ளைத் தொப்பிக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆமாம் ஆமாமென்று தலையாட்டினார். அறையின் பின்பக்கம் ஜீவராஜோடு வேலை செய்தவர்கள் நின்றார்கள். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள்.

அதிகாரி சலிப்போடு, “வேற ஏதாவது சாட்சியம் இருக்குதா?” என்று கேட்டார்.

இராமலெட்சுமி எழுந்து போய் மேசையில் தன் போனை வைத்து அழுத்தினாள்.

ஜீவராஜின் குரல் அறையில் எழுந்தது. லிஃப்ட் குழி. பலகைகள். வீசும் கை. கண்ணத் திறந்து வச்சு வேலயப் பார். சட்டத்தரணி பாதியில் நிமிர்ந்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெள்ளைத் தொப்பி மடியிலிருந்து கீழே விழுந்தது. உரியவர் அதை எடுக்கவில்லை.

“இது எங்க எடுத்தது, எப்ப எடுத்தது எண்டு தெரியாது,” என்று சட்டத்தரணி பதற்றத்தோடு எழுந்தார். “சேர், சரிபார்க்கும் வரைக்கும் இதை நிப்பாட்ட வேணும்.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர் தன் போனை உயர்த்திப் பிடித்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். ஒருவர் பின் ஒருவராக அவர்களும் அழுத்த, சற்று முன்பின்னாக, ஒரே குரல் பல மூலைகளிலிருந்து கேட்கத் தொடங்கியது.

அதிகாரி மேசையிலிருந்த போனை நோக்கிக் கையை நீட்டினார்.

இராமலெட்சுமி அதன்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“ஓடட்டுங்க,” என்றாள். “அவரு இன்னும் பேசி முடிக்கல.”

அதிகாரி கையை இழுத்துக்கொண்டார்.